சத்தத்துக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கி வாங்கியதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எத்தனை பன்னி அடிச்சீங்க?" வத்தலகுண்டு மருந்துக்கடைக்காரர் கேட்டார். சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். மிளகு எடுக்க வரும் வியாபாரி ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ஒன்றுகூட இல்லை, அடிக்கப்போவதும் இல்லை என்றால், பிறகு என்னத்துக்கு அவ்வளவு பணத்தைக் கொட்டினாய் என்பதுபோல ஒரு பார்வை.

நியாயமான பார்வைதான். இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியபோது நானே அதைப் பலமுறை கேட்டுக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் கொடைக்கானல் மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவில், ஜீப் மட்டும் இறங்குகிற ஒரு சரிவில் இருக்கிறது. காபி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு, ஓரத்தில் மலைவாழை, ஓடைப் பக்கம் கொஞ்சம் சௌசௌப் பந்தல், நாலு பலா, தாத்தா காலத்து பட்டர் புரூட் மரங்கள் மூன்று. மனிதனுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. பன்றிக்கும் குரங்குக்கும் காட்டுமாட்டுக்கும் யானைக்கும் வேண்டியதும் அதேதான் என்பதுதான் சிக்கல். பன்றிக்கூட்டம் ஒரு ராத்திரி வாழைக்குள் இறங்கினால், காலையில் டிராக்டர் விட்டு உழுததுபோல் கிடக்கும்.

அப்பாவிடம் ஒரு ஒற்றைக்குழல் இருந்தது. 12 போர், பின்னால் குதிரை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி, தூக்கி நிற்கும் பழைய மாடல். அவர் அதைச் சுட்டுப் பார்த்ததைவிடத் துடைத்துப் பார்த்ததுதான் அதிகம். அவர் போன பிறகு லைசென்ஸை வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. லைசென்ஸ்காரர் இறந்துபோனால் மட்டுமல்ல, அவருக்கு 70 வயதானாலோ அல்லது 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். அப்பா இருந்தபோதே செய்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். வீட்டில் பெரியவர்கள் பெயரில் துப்பாக்கி இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

லைசென்ஸ் கொடுப்பது கலெக்டர். போலீஸ் விசாரணை, டாக்டர் சர்டிபிகேட், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பழகியதற்கான பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் எல்லா ஊருக்கும் பொது. எங்கள் மலைக்கு மட்டும் இன்னொரு முடிச்சு உண்டு. கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்காரர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிதாக லைசென்ஸ் கொடுப்பதென்றால் அவருடைய இசைவும் முன்கூட்டியே வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இது. இதைச் சொல்லாமல் வரைபடத்தையும் பட்டாவையும் கேட்கும்போதுதான் நமக்குக் கோபம் வருகிறது. காரணம் தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

அதே சட்டம்தான் பன்றியையும் காக்கிறது. பயிரை அழிக்கும் விலங்கைச் சுடுவதற்கும் எழுத்துமூலம் உத்தரவு வேண்டும். தமிழ்நாட்டில் 2025-இல் வந்த ஏற்பாடும், காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்த பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்பதுதான். விவசாயி சுடலாம் என்பதல்ல. எங்கள் சரிவில் நின்று கல்லை எறிந்தால் காட்டுக்குள் விழும், ஆகவே அதுவும் எங்களுக்கு இல்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு சுட்டால் குற்றமில்லை என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் விழுந்த விலங்கு அரசாங்கச் சொத்து. கறிக்கு ஆசைப்பட்டால் ஜெயில்தான்.

ஆக, என் துப்பாக்கி முக்காலே மூணுவீசம் பன்றியை விரட்டும் சத்தம். மிச்சம், நடு ராத்திரியில் மோட்டார் ரூமுக்குத் தனியாக நடக்கும்போது கையில் ஒரு கனம். இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் எதை வாங்குவது என்பது எனக்குத் தெளிவாயிற்று. அதுவரை நான் செய்தது எல்லாம் வேடிக்கை பார்த்தது.

அப்பாவின் துப்பாக்கியையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். குழலைக் கழற்றி, ஜன்னல் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தம்பி, நீங்களே பாருங்க" என்று என் கையில் கொடுத்தார். உள்ளே வெளிச்சம் வட்ட வட்டமாகத் தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில் அம்மைத் தழும்புபோல் குழி குழியாக இருந்தது.

"இது துரு தின்னது. இத்தோட போனா பரவாயில்ல. இங்க பாருங்க." தோட்டா அறைக்கு அருகில் குழலின் வெளிப்பக்கத்தை விரலால் தடவச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு புடைப்பு விரலுக்குத் தெரிந்தது. எப்போதோ குழலுக்குள் ஏதோ அடைத்திருந்தபோது சுட்டிருக்கிறார்கள். "அப்பா கைவிரல் பத்தும் சரியாத்தான இருந்துச்சு?" என்று கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

அதை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, வேறு வாங்க லைசென்ஸில் எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். கையில் 40 ஆயிரம் வைத்திருந்தேன். அதற்குமேல் போனால் வீட்டில் பதில் சொல்ல முடியாது.

அவர் முன்னால் எடுத்து வைத்தது ஒரு இங்கிலீஷ் டபுள் பேரல். பழைய துரைமார் எஸ்டேட் சரக்கு. வால்நட் கட்டையில் தேன் நிறத்தில் ரேகை ஓடியது, இரும்பில் கொடியும் பறவையும் செதுக்கியிருந்தது. பார்த்ததும் மனது போய்விட்டது. எண்பதுகளிலேயே வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால், இங்கே இருக்கிறதுதான் கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது. அதனால் பெயர்பெற்ற துப்பாக்கி என்றால் விலை வானத்துக்குப் போகும். இது பெயர் தெரியாத பட்டறையில் செய்தது, அதனால் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

பழைய இரட்டைக்குழலை எப்படிப் பார்ப்பது என்று அவர் அன்று கற்றுக்கொடுத்ததை எழுதிவைக்காமல் போனால் எனக்கு மனசு ஆறாது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி, கட்டையைப் பிடித்துக் குழலைப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். லேசாக ஆடினாலும், கீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முன்கட்டை மாட்டியிருந்தால் அந்த ஆட்டத்தை அது மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்வது. அப்புறம் குழலை மட்டும் தனியே எடுத்து, கொக்கியில் விரலைவிட்டுத் தொங்கவிட்டு, நகத்தால் சுண்ட வேண்டும். கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்த்த பற்று நன்றாக இருக்கிறது. தட்டுமுட்டுச் சாமானைத் தட்டியதுபோல் 'டக்' என்று நின்றால் எங்கோ பற்று விட்டிருக்கிறது. உள்ளே பார்க்கும்போது, ஒளி வளையங்கள் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே நசுங்கல்.

இதிலெல்லாம் அந்த அழகி பாஸ். கடைசியில் அவர் ஒரு அளவுகோலைத் தோட்டா அறைக்குள் விட்டார். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வெட்டியது. இப்போது கிடைப்பது பெரும்பாலும் 70. வேடிக்கை என்னவென்றால், 70 தோட்டா அதற்குள் சுகமாக நுழையும், ஏனென்றால் அந்த அளவு சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம், சுடுவதற்குமுன் அது குட்டை. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். நுழைகிறதே என்று நம்பிப் போட்டவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அதைவிடப் பழசாக, குழலில் சுருள் சுருளாகக் கோலம் ஓடினால், அது இரும்புக் கம்பிகளை முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல். அதில் பெரும்பாலானவை கரிமருந்துக் காலத்தில் செய்தவை, இன்றைய மருந்தின் அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. ஷோகேஸில் வைக்கலாம், தோளில் வைக்க எனக்குத் தைரியமில்லை.

"இதுக்கேத்த தோட்டாவைத் தேடி நீங்க அலையணும். கரடி வாங்கித் தேன் தேடுற கதை" என்று அவரே அதை உள்ளே வைத்துவிட்டார். விற்கிறவரே வேண்டாம் என்று சொல்லும் கடை எத்தனை இருக்கும்?

அடுத்து பம்ப் ஆக்ஷன். வங்காளத்து இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளலாம், முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்தது தயார். சினிமாவில் வருகிற அந்த 'கர்ரக் கர்ரக்' சத்தத்துக்காகவே என் மச்சினன் இதை வாங்கச் சொல்லியிருந்தான். எனக்கு இரண்டு காரணங்களுக்காக வேண்டாம் என்று பட்டது. விலை என் கைக்கு மேலே. அதோடு, உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. மழையில் வழுக்குகிற பாறையில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு அது சரிப்படாது. மடித்துத் திறக்கிற துப்பாக்கி என்றால் திறந்தபடி முழங்கையில் தொங்கவிட்டு நடக்கலாம். பத்தடி தூரத்தில் வருகிறவனுக்கும் அது காலி என்று தெரியும். எங்கள் பாதையில் எதிரே வருகிறவர்கள் பாதிப்பேர் விடியலில் காபி பறிக்க வரும் பெண்கள்.

மிஞ்சியது இரண்டு. பிகாரின் முங்கேரிலும் ஜம்முவிலும் உள்ள தனியார் பட்டறைகளில் செய்கிற புது டபுள் பேரல், புது சிங்கிள் பேரல். பேங்க் வாசலில் காவலுக்கு நிற்பவர் தோளில் தொங்குமே, அந்த ரகம். அழகு என்று ஒன்றும் கிடையாது. கட்டை வார்னிஷ் பூசிய ஸ்கூல் பெஞ்சுபோல் இருக்கும். டபுளின் விலை சிங்கிளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டபுளில் ஒரு வசதி உண்டு. ஒரு குழல் விரிவாகவும் மற்றது குறுக்கலாகவும் இருக்கும். குழல் வாயின் அந்தக் குறுக்கத்தைச் சோக் என்பார்கள். முழுச் சோக் என்றால் 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறக்குறைய 70 சதவீத ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக்குண்டு, விழும். குறுக்கமே இல்லாத குழலில் 40 சதவீதம்தான். பறவை சுடுகிற தேசத்தில் இது பெரிய விஷயம். சத்தத்துக்குச் சோக் ஏது?

சிங்கிளையே எடுத்தேன். 12 போர், 70 அறை, வெளியே தெரிகிற குதிரை. குதிரை பின்னால் இழுத்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று இருட்டில் கட்டைவிரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். இதை அப்பாவிடம் பார்த்துப் பழகியது எனக்கு. இருபது போர் கிடைத்தால் தோளுக்கு இதமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம், ஆனால் தோட்டா? எங்கள் பக்கத்தில் நாளைக்கே வேண்டும் என்றால் கிடைப்பது 12 மட்டும்தான். 12 போர் என்ற கணக்கே ஒரு விசித்திரம். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு குழல், அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையாக்கினால் சின்னது. அதனால்தான் எண் கூடக் கூடத் துப்பாக்கி சிறுக்கிறது.

நான் செய்த தவறு ஒன்று. கடையில் அரைக்கைச் சட்டையோடு துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மலையில் மார்கழி ராத்திரி ஸ்வெட்டர், அதற்குமேல் கோட்டு. அதோடு தூக்கினால் கட்டை கக்கத்தில் மாட்டுகிறது. நான் ஐந்தடி நாலங்குலம். கட்டை யாரோ ஆறடி ஆளுக்கு அளவெடுத்தது. தோளில் சரியாகப் பதியாமல் முதல் தோட்டாவைச் சுட்டேன். சிங்கிள் பேரல் எடை குறைவு, அதனால் உதை அதிகம். தோள் மூட்டுக்குக் கீழே ஒரு வாரத்துக்குக் கத்தரிக்காய் நிறம். மனைவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "பன்னிக்கு எப்படியிருக்காம்?" என்று கேட்டாள். பிறகு அதே கடையில் கட்டையின் வாலை ஒரு விரற்கடை அறுத்து, ரப்பர் வைத்துக் கொடுத்தார்கள். நீங்கள் போனால் கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். மதுரை வெயிலில் பைத்தியம் என்று நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

தோட்டா விஷயத்திலும் ஆசை காட்டுவார்கள். பெரிய குண்டு போட்ட எல்.ஜி. வாங்கு, எஸ்.ஜி. வாங்கு, யானையே திரும்பும் என்பார்கள். எல்.ஜி.யில் இருப்பது ஆறேழு பெரிய ஈயக்குண்டு. ரவை பருக்கப் பருக்க அது போகும் தூரமும் கூடும். 6-ஆம் நம்பர் என்கிற சின்ன ரவை 200 மீட்டர் சுமாருக்குள் விழுந்துவிடும். எல்.ஜி. 600, 700 மீட்டர்வரை பறக்கும். எங்கள் சரிவில் 700 மீட்டரில் பள்ளிக்கூடம், தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் இரண்டு லயன் வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில். யானை மேல் பட்டால் அது திரும்பாது, அந்தப் புண்ணோடு வருடக்கணக்கில் அலையும், அந்தக் கோபத்தை வேறு யாரோ வாங்கிக்கட்டிக்கொள்வார்கள். என்னிடம் இருப்பது சின்ன ரவை மட்டும். வீட்டுக்கு மேலே பாறையில்லாத ஒரு மண்மேடு இருக்கிறது, சுடுவது அதைப் பார்த்துத்தான். வானத்தைப் பார்த்துச் சுட்டால் மேலே போனது எங்கேயாவது இறங்கித்தானே ஆகவேண்டும்?

அப்பா காலத்தில் தோட்டா காகிதக் கூட்டில் வரும். ஐப்பசி மூட்டத்தில் ஒரு வாரம் அலமாரியில் இருந்தால் ஈரம் குடித்து உப்பிவிடும், அறைக்குள் நுழையாது. அவர் அடுப்பு மேட்டில் காயவைத்து, பாட்டியிடம் திட்டு வாங்கியது நினைவிருக்கிறது. இப்போது பிளாஸ்டிக் கூடு, அந்தக் கவலை போயிற்று. துரு மட்டும் அப்படியேதான். தோல் உறைக்குள் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேலை செய்கிறதா என்று கேட்டால், முதல் மாதம் அருமையாகச் செய்தது. எங்களிடம் வேலை பார்க்கும் பளியர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் அன்றைக்கே சொன்னார். "பன்னி சத்தத்துக்கு ஓடல சாமி. புதுச் சத்தத்துக்கு ஓடுது." மூன்றாவது மாதம் அது புரிந்தது. வெடித்ததும் பந்தலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும், நான் உள்ளே போனதும் திரும்பி வரும். பத்துத் தோட்டா போட்டால் ஒரு ஆள் கூலி போச்சு. இப்போது நாய்கள் இரண்டும், வாழையைச் சுற்றிச் சோலார் வேலியும்தான் முன்வரிசை. துப்பாக்கி எப்போதாவது, ஒரே நேரத்தில் சுடுவதும் இல்லை, ஒரே இடத்திலிருந்து சுடுவதும் இல்லை. கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காய் வைக்கிறவர்களும், வீட்டுக் கரண்டைக் கம்பியில் விடுகிறவர்களும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். போன வருடம் ஒரு சினைமாடு வாய் சிதறிச் செத்தது. அதைப் பார்த்த பிறகு என் சத்தச் செலவை நான் குறை சொல்வதில்லை.

2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். "நமக்கு ஒரு ஓட்டு, துப்பாக்கிக்கு ஒரு ஓட்டு" என்பார் அப்பா. தமிழ்நாட்டில் ஓட்டுப்போட்டது ஏப்ரல் 19. எண்ணியது ஜூன் 4. நடுவில் பலா பழுத்துத் தீர்ந்தது. தகரத்தைத் தட்டினோம், வெடி போட்டோம், வனத்துறை வாட்சர்கள் இரண்டு ராத்திரி வந்து நின்றார்கள். பலா மரத்தில் ஒன்று யானைக்குப் போயிற்று.

ஜூனில் துப்பாக்கி திரும்பி வந்தது. திண்ணையில் பேப்பரை விரித்து, மடித்துத் திறந்து, பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். வட்டம் தெரியவில்லை. கும்மிருட்டு. கம்பியை விட்டுத் தள்ளினேன். வாய்ப்பக்கம் ஒரு சாண் உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. காய்ந்து கல்லாய் இருந்தது, இரண்டு மூன்று குத்துக்குப் பிறகுதான் உடைந்து விழுந்தது. மண்ணோடு சேர்ந்து, குளவி தன் குஞ்சுக்கு இரையாகப் பிடித்து அடைத்த சிலந்திகள் ஏழெட்டும் பேப்பரில் விழுந்தன. அப்பாவின் குழலில் விரலுக்குத் தட்டிய அந்தப் புடைப்பு ஞாபகம் வந்தது. மனைவி தூசி தட்டுகிற துணியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதையும் அரசாங்கச் சொத்துன்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.